ஓடைப் பாலத்தில் எடுக்காத கால்

அந்தச் சின்னத் திரையில் நாலு என்று காட்டியது. சைபர் காட்ட வேண்டிய நேரம்.

பொன்னேரியில் கல்லூரி வாசலுக்கு எதிரே வேனை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, பாட்டுக் கேட்பதற்காகச் சாவியை மட்டும் திருப்பி வைத்திருந்தாள் லத்தீபா. கார்த்திகை மழை அப்போதுதான் விட்டிருந்தது. மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் வேனின் கூரையில் ஒழுங்கில்லாமல் தாளம் போட, பஜ்ஜிக் கடை எண்ணெய்ப் புகையும் சாக்கடை வாடையும் கலந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தன. அவளுடைய வலது கால் ஆக்ஸிலேட்டர் பக்கமே இல்லை. அதை மடக்கி சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டு பட்டாணி கொறித்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தீப்பெட்டி அளவுப் பெட்டியில் பச்சை எழுத்து மின்னியது. ஆக்ஸிலேட்டரை நூற்றுக்கு எத்தனை பங்கு அழுத்தியிருக்கிறோம் என்று காட்டுவதுதான் அதற்கு வேலை. யாரும் அழுத்தவில்லை. அது நாலு என்றது.

"ஈரம் ஏறிக்கிச்சா உனக்கு?" என்று அதன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். சைபர் வந்தது. கை எடுத்ததும் மறுபடி நாலு.

அவள் அதை அதோடு விட்டுவிட்டாள். லத்தீபாவுக்குப் பயப்பட நேரம் கிடையாது. புருஷன் அஸாருதீன் மஸ்கட்டில் இருந்தான். பழவேற்காட்டில் பொம்பளை வேன் ஓட்டுவதா என்று தெருவே வாய் பிளந்தபோது, திறந்த வாய்க்குள் ஈ போகும், மூடுங்கள் என்று சொல்லிவிட்டு லைசென்ஸ் எடுத்தவள் அவள். மகள் அர்ஃபாவோடு சேர்த்து ஏழு பெண் பிள்ளைகள் அந்த வேனில் கல்லூரிக்குப் போய் வந்தார்கள். காட்டூர்ப் பிள்ளை ஒன்று, தோணிரேவுப் பிள்ளைகள் மூன்று, பழவேற்காட்டுப் பிள்ளைகள் மூன்று. நாலரை மணிக்குக் கல்லூரி விட்ட பிறகு நேரத்துக்குப் பஸ் இல்லை. லத்தீபாவின் வேன் இருந்தால் படிப்பு. இல்லாவிட்டால் வீடு.

முதலில் எட்டுப் பேராக இருந்தார்கள். எட்டாவது பெண் இளவரசி. ஐப்பசி கடைசியில் ஒரு சாயங்காலம் ஓடைப் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுபோய், பின்னுக்கு உருண்டு, கிளம்ப மறுத்து, ஊர் வந்து சேர ராத்திரி ஏழாகிவிட்டது. டார்ச் லைட்டுகளோடு ரோட்டில் நின்றவர்களில் இளவரசியின் அப்பாவும் ஒருவர். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வரவில்லை. லத்தீபாவின் மாமனார் ஜலீல் மற்ற வீட்டுக்காரர்களோடு பேசிவிட்டு வந்து ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"பொழுது சாஞ்சு மக்ரிபு பாங்கு சொல்றதுக்குள்ள புள்ளைங்க வூட்ல இருக்கணும். இன்னொரு தபா லேட் ஆச்சுன்னா, யாரும் அனுப்ப மாட்டாங்க. அர்ஃபாவும் தான்."

ஆக, எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பாலம். பழவேற்காட்டு ஏரியையும் உள்ளே இருக்கும் சதுப்பையும் இணைக்கும் ஓடைக்கு மேலே, ஒட்டகத்தின் முதுகு மாதிரி நிமிர்ந்து நிற்கும் குறுகலான பாலம். மற்ற இடத்திலெல்லாம் ஒழுங்காக ஓடும் வண்டி, அந்த ஏற்றத்தின் அடியில் மட்டும் ஒரு கணம் யோசிக்கும். காலை எவ்வளவு அழுத்தினாலும் சரி, பிக்கப் வராது. ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் எஞ்சின் திடுக்கிட்டு எழும். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் நிற்கும் வண்டிக்கு ஒரு மூச்சு என்பது பெரிய நேரம்.

வண்டியை அவளுக்கு விற்றவர் தோணிரேவு தேவேந்திரன். ஒரு காலத்தில் மீன்பிடி போட்டு ஓட்டியவர், பிறகு இந்த வேனை ஓட்டி, முட்டி தேய்ந்துபோய் இப்போது பாலத்தடியில் நண்டு வலை போட்டுக்கொண்டிருப்பவர். அவரிடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல தங்கச்சி," என்றார் அவர். "ஓடைப் பாலத்தாண்ட மட்டும் நீயே காலை எடுத்துடு. ஒரு மூச்சு. அப்பால அழுத்து."

"இன்னாத்துக்குண்ணே?"

"போட்டுல முகத்துவாரம் தாண்டும்போது மோட்டாரை ஒரு மூச்சு அடக்குவோம். கடல்ல போயி உடம்பு கெடைக்காதவங்க இருக்காங்க இல்ல, அவங்க கரை ஏறணும்னு சுத்திக்கினே இருப்பாங்க. நாம நின்னா குறுக்கால தாண்டிப் பூடுவாங்க. ரோடு வர்றதுக்கு முன்ன அந்த ஓடையும் அவங்க வழிதான். எங்க ஆளுங்க யார் வண்டி ஓட்டுனாலும் அங்க காலை எடுத்துருவாங்க. பழக்கம்."

"அண்ணே, நான் தலை குனியறது அஞ்சு வேளை ஒருத்தனுக்கு. காலை வேற தூக்கணும்னா எனக்குக் கட்டுப்படியாவாது."

தேவேந்திரனும் சிரித்துவிட்டார். சொல்றதைச் சொல்லிட்டேன் என்று வலையை உதறப் போய்விட்டார்.

பொன்னேரி மெக்கானிக் சிவசங்கர்தான் விஷயத்தைப் புரியும்படி சொன்னான். இந்தக் காலத்து வண்டியில் ஆக்ஸிலேட்டருக்குக் கேபிள் கிடையாது. அழுத்தினால் பெடலில் இருக்கும் சென்சார் தகவல் அனுப்பும். கம்ப்யூட்டர் அதை வாங்கி, ஆபீஸ் குமாஸ்தா மனுவைப் புரட்டுவது போல முன்னும் பின்னும் புரட்டி, பிறகு எஞ்சினுக்கு உத்தரவு போடும். ஓட்டுகிறவர் காலின் பழக்கத்தையும் அது கற்றுக்கொள்ளுமாம். தேவேந்திரன் கால் அதற்கு மனப்பாடம் ஆகியிருக்கலாம் என்று அந்த நினைவை அழித்துப் பார்த்தான். பாலத்தில் வண்டி மறுபடி யோசித்தது. கடைசியில் இந்தப் பெட்டியை வரவழைத்தான். த்ராட்டில் கன்ட்ரோலர். பெடலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே சொருகிவிட்டால், நாம் கொஞ்சம் அழுத்துவதை இது பலமாக எடுத்துச் சொல்லும். ஒன்று முதல் ஒன்பது வரை லெவல் உண்டு.

"அஞ்சுல வச்சிருக்கேன்க்கா. நீங்க நெனைக்கிறதுக்குள்ள வண்டி போய்டும்," என்றான் சிவசங்கர்.

அன்று சாயங்காலம் ஓடைப் பாலத்தில் அவள் அழுத்தியதும் வண்டி துள்ளி ஏறியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். லத்தீபா வாய்விட்டுச் சிரித்தாள். உச்சியில் முன் சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது போல ஒரு சின்னத் தூக்கல். ஈரத் துணி மூட்டை மேல் ஏறினால் வருமே, அப்படி. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் நனைந்த ரோடு மட்டும்தான் கிடந்தது.

அது போன வாரம். இன்று நாலு.

மறுநாள் காலையில் காலடி மேட் நனைந்திருந்தது. ஓட்டுநர் பக்கம் மட்டும், ஆக்ஸிலேட்டருக்கு நேர் கீழே. மேற்கூரை ஒழுகவில்லை, கதவு ஓரம் காய்ந்து கிடந்தது. மேட்டை எடுத்துப் பிழிந்தாள். ஏரி வற்றும் காலத்தில் சேறு வெயிலில் வெந்து கிளப்புமே, அந்த நாற்றம் பிழிந்த தண்ணீரில் வந்தது. விரலை நாக்கில் வைத்தாள். உப்பு. பிள்ளைகள் யாராவது பையில் நண்டு கொண்டுவந்தார்களா என்று விசாரித்தாள். கல்லூரிக்கு எதற்கு நண்டு என்று அவர்கள் சிரித்தார்கள். புது மேட் வாங்கிப் போட்டாள். அதுவும் மறுநாள் நனைந்திருந்தது.

திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. ஏழு. பதினொன்று. கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது எஞ்சின் தானாகக் கொஞ்சம் உறுமும், பிறகு அடங்கும். நெருங்கிய ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தொண்டையைச் செருமுவது போல் இருந்தது அவளுக்கு. எரிச்சல்தான் வந்தது. லெவலை ஏழுக்கு ஏற்றினாள்.

வலது கால் மரத்துப்போக ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். ராத்திரி படுக்கும்போது பார்த்தால் பாதம் வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறியது போலச் சுருங்கியிருந்தது. இடது கால் சாதாரணமாக இருந்தது. தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். ஈர மேட்டில் கால் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லவைப்பது பயம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதற்குப் பெயர் வைக்க மறுத்தாள்.

எண் இருபத்து மூன்றைத் தொட்ட அன்று சிவசங்கரிடம் போனாள்.

அவன் பெட்டியைக் கழற்றிப் பிரித்தான். உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை. திரும்ப மாட்டி, தானே சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பினான். சைபர். அழுத்தினான், விட்டான். மறுபடி சைபர்.

"நல்லாத்தானே இருக்கு? உங்க கால் தெரியாம மேல பட்டுருக்கும்க்கா."

"நகரு," என்றாள் லத்தீபா. ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கால்களையும் வெளியே, அவன் கண்ணெதிரே தொங்கப் போட்டாள். "இப்ப பாரு."

இருபத்து மூன்று.

சிவசங்கரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. குனிந்து பெடலைப் பார்த்தான். அது கொஞ்சம் உள்ளே போயிருந்தது. கை நீட்டி அதை மேலே தூக்கப் பார்த்தான். வரவில்லை. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு பேன்ட்டில் துடைத்தான். துடைத்த கையை முகர்ந்தான். பிறகு மறுபடியும் துடைத்தான்.

"ஒயர்ல கோளாறா?"

"பெட்டி பொய் சொல்லாதுக்கா." குரல் அடங்கியிருந்தது. "பெடல் அமுங்குனாதான் நம்பர் வரும். அமுங்கித்தான் இருக்கு."

"யார் அமுக்குறா?"

அவன் ஓரடி தள்ளி நின்றான். வண்டியை ரெண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றான். பெட்டியையாவது கழற்றிவிடுகிறேன் என்றான். கழற்றினால் பாலத்தில் வண்டி நிற்கும். நாளைக்கும் நாளன்றைக்கும் பிள்ளைகளுக்கு பிராக்டிகல் பரீட்சை. லத்தீபா லெவலை ஒன்பதுக்கு ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

திரும்பும் வழியில் ஓடைப் பாலத்தருகே தேவேந்திரன் கை காட்டினார். அவளைப் பார்க்கவில்லை. அவள் காலடியைத்தான் பார்த்தார்.

"நீ வழி வுடல," என்றார்.

"ரோடு எல்லாருக்கும் பொதுண்ணே. தாண்ட வேணாம்னு நானா சொன்னேன்?"

"தாண்ட முடியலன்னா அது வண்டில ஏறிக்கும். எறங்க வேற எடம் ஏது அதுக்கு? நாளைக்காச்சும் காலை எடு தங்கச்சி. ஒரு மூச்சு. எறங்கிப் பூடும்."

"எடுத்தா வண்டி நிக்கும். நின்னா ஏழு புள்ளைங்க படிப்பும் நிக்கும். இத்தினி வருசமா எல்லாரும் நின்னு நின்னுதான் அதுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு. என் வண்டில ஏறுனா நான் சொல்ற எடத்துலதான் எறங்கணும்."

தேவேந்திரன் அதற்குச் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியும்போதே காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னார்கள். காலையில் போகும்போது ஏரி ரோட்டுக்கு இரண்டு முழம் கீழே இருந்தது. பரீட்சை இழுத்துக்கொண்டு போனதில் பிள்ளைகள் வெளியே வர ஐந்தாகிவிட்டது. மழை நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. வலது காலுக்குச் செருப்பே தெரியவில்லை என்பதால் லத்தீபா செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினாள். மரத்துப்போன காலுக்குப் பெடலாவது தெரியட்டும் என்று. வைப்பர் ஒவ்வொரு முறை வழிக்கும்போதும் ரோடு ஒரு கணம் தெரிந்து மறைந்தது. ஈரச் சுடிதார்களும் மல்லிப்பூவும் டிபன் பாக்ஸ் வாடையும் நிறைந்த வண்டிக்குள், அவற்றுக்கெல்லாம் அடியில், அந்தச் சேற்று நாற்றம் மெல்ல மெல்ல எழும்பி வந்தது. பின்னால் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். காட்டூர்ப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பியபோது மணி ஐந்து இருபத்தைந்து.

"உம்மா," என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த அர்ஃபா. "அந்த நம்பர் இன்னாத்துக்கு ஏறிக்கினே போவுது?"

"ரோட்டைப் பாரு."

"ரோடு எங்க இருக்கு?"

ரோடு இல்லை. இரண்டு பக்கமும் இருந்த ஏரி நடுவில் சேர்ந்துவிட்டது. ஓரத்து வெள்ளைக் கற்களின் தலை மட்டும் வரிசையாகத் தெரிந்தது. அவற்றின் முடிவில் பாலத்தின் முதுகு. அதன் மேலே, தலையில் பிளாஸ்டிக் சாக்கு போர்த்திக்கொண்டு தேவேந்திரன் நின்றார்.

தண்ணீரில் இறங்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் சைலன்ஸர் தண்ணீர் குடிக்கும், எஞ்சின் சாகும். ஓட்டக் கற்ற முதல் மழையிலேயே அவள் தெரிந்துகொண்ட பாடம். முதல் கியர். காலை அழுத்தினாள். வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

தேவேந்திரன் கையை உயர்த்தினார். உள்ளங்கை மேலே. எடு, எடு என்றது அந்தக் கை.

திரையில் நாற்பது. ஐம்பத்தொன்று. அவள் அவ்வளவு அழுத்தவில்லை.

தண்ணீர் கதவடியைத் தட்டியது. பின்னால் ஒரு பிள்ளை விசும்ப ஆரம்பித்தது. லத்தீபா காலை இன்னும் கொஞ்சம் ஊன்றினாள். அப்போதுதான் பல நாளாக மரத்துக் கிடந்த பாதத்துக்கு உணர்ச்சி திரும்பியது. பெடல் ரப்பரின் கோடுகள் தட்டுப்பட வேண்டிய இடம்.

விரல்கள் தட்டுப்பட்டன.

ஐந்து விரல்கள். அவள் விரல்களுக்கு நேர் கீழே. சில்லென்று. பெரிய விரலின் நகம் பிளந்திருந்தது. அந்தப் பிளவு அவள் சதையைக் கீறியது. புறங்கால் எலும்பு. நரம்பு. அவள் பாதத்தைவிட நீளமான ஒரு பாதம், பெடலுக்கும் அவளுக்கும் நடுவே.

அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் தன் கால் பெடலை விட்டு வந்துவிடும். கால் வந்தால் வண்டி நிற்கும்.

அந்தக் கால் அவளைத் தடுக்கவில்லை. தள்ளவும் இல்லை. காத்திருந்தது. நீ எடுத்தால் நான் போகிறேன் என்பது போல. ஒரு மூச்சு. அவ்வளவுதான் அது கேட்டது.

ஏற்றத்தின் அடி வந்துவிட்டது.

"எடு தங்கச்சி!" மழையைத் தாண்டிக் கேட்டது குரல்.

உடம்பெல்லாம் பயம். பல் கிட்டியது. அத்தனை பயத்துக்கும் அடியில், லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து அணையாத ஒரு கோபம். ஏழு பிள்ளைகளின் படிப்பு. இருட்டுவதற்குள் வீடு. இதற்கும் நீயா குறுக்கே?

"மாட்டேன்," என்றாள் லத்தீபா.

அழுத்தினாள். முழு பலத்தோடு, அந்தக் காலின் மேல். நசுங்கட்டும் என்றுதான் அழுத்தினாள். அது நசுங்கவில்லை. இடம் கொடுத்தது. ஏரிச் சேற்றில் இறங்குவது போல அவள் கால் அதற்குள் இறங்கியது. விரல் வரை. குதிகால் வரை. கணுக்கால் வரை. பெடல் தரையைத் தொட்டது.

திரையில் நூறு.

வண்டி எகிறியது. பாலத்தின் முதுகில் ஏறி, உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு விழுந்து, மறுபடி ஓடியது. தேவேந்திரன் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது. அவர் இன்னும் கையை உயர்த்தியே வைத்திருந்தார். பிறகு மழை அவரை மறைத்தது.

தோணிரேவில் மூன்று பிள்ளைகள் இறங்கினார்கள். ஒருத்தியின் அம்மா குடையோடு நின்றவள், "இந்த மழையில கூட நேரத்துக்கு வந்துட்டியே லத்தீபாம்மா!" என்றாள். பழவேற்காட்டில் இரண்டு பேர். அவரவர் வாசலில். லத்தீபா எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினாள். அதன் பிறகு வண்டி அவ்வளவு சுகமாக ஓடியது. அவள் நினைப்பதற்கும் எஞ்சின் கேட்பதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி இல்லை. சந்துக்குள் திருப்பும்போதுதான் பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. வாசலில் கடிகாரத்தையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்த மாமனார் ஜலீல், தொப்பியைப் போட்டுக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார்.

ஜெயித்துவிட்டாள். சாவியைப் பிடுங்கி மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள். நடக்கும்போது வலது கால் கொஞ்சம் கனத்தது. குளியலறையில் விளக்கைப் போட்டு, தொழுகைக்கு முன் ஒளு செய்வதற்காக, சாவியை மடியில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். கையைக் கழுவினாள். வாய் கொப்பளித்தாள். மூக்கு, முகம், முழங்கை வரை. ஈரக் கையால் தலையைத் தடவினாள். பாவாடையைச் சற்றுத் தூக்கி, வலது காலின் மேல் குவளைத் தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் பட்டது தெரியவில்லை.

பார்த்தாள்.

ஆம்பளைக் கால். கணுக்காலுக்குக் கீழே அவளுடைய தோல் முடிந்து, தையல் இல்லாமல், வடு இல்லாமல், அது ஆரம்பித்தது. வெளுத்து ஊறிய பாதம். வெடித்த குதிகால். பெரிய விரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. கணுக்காலைச் சுற்றி நைலான் வலைக் கயிறு ஒன்று சதைக்குள் புதைந்து, அதன் மேலேயே தோல் வளர்ந்திருந்தது. நகக் கண்ணில் சேறு.

கத்துவதற்கு வாய் திறந்தது. கத்தவில்லை. குவளையை மறுபடி நிரப்பி ஊற்றினாள். மூன்று முறை. விரல் இடுக்குகளில் சுண்டுவிரல் விட்டுச் சேற்றை எடுத்தாள். என் வீட்டில் இருந்தால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அதனிடம் சொன்னாள்.

அந்தக் காலின் விரல்கள் மெல்ல மடங்கின. ஈரமான சிமென்ட் தரையை அழுத்தின. லேசாக. பழகிப் பார்ப்பது போல.

வெளியே சந்தில் வேன் உறுமியது.

"உம்மா!" அர்ஃபாவின் குரல் வாசலிலிருந்து வந்தது. "வண்டி ஓடிக்கினு இருக்கு! நான் கண்ணாடிய தொடைச்சிக்கினு முன்னால நிக்கிறேன்!"

"உள்ள வா! வண்டி முன்னாடி நிக்காத! ஓடி வா!"

லத்தீபா இரண்டு கைகளாலும் அந்த விரல்களைப் பிடித்து மேலே இழுத்தாள். நெஞ்சு முட்டும் வரை இழுத்தாள். உறுமல் தணிந்தது. அர்ஃபா ஓடிவரும் சத்தம் கேட்டது. பாவாடையை இழுத்துக் காலை மூடி, அதற்கு அடியில் கைகளை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கதவருகே வந்து நின்ற அர்ஃபா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மழைத் தண்ணீர், சிரிப்பு. "எல்லாரும் கேக்குறாங்கம்மா, நாளைக்கு வண்டி உண்டான்னு. இளவரசி கூட மெசேஜ் போட்டுருக்கா. இன்னிக்கு நேரத்துக்கு வந்ததக் கேட்டு அவங்க நைனா மனசு மாறிட்டாராம். அவளும் வர்றாளாம்."

பிடிக்குள் இருந்த விரல்கள் நெளிந்தன. பலமானவை. லத்தீபா பிடியை இறுக்கினாள்.

"உண்டுன்னு போடு," என்றாள். "ஏழே கால். எல்லாரும்."

அர்ஃபா தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். பிளந்த நகம் லத்தீபாவின் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகக் கீழே போனது. சந்தில் எஞ்சின் நீளமாக எழும்பியது. அர்ஃபா நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு அம்மாவின் மடியைப் பார்த்தாள்.

"உம்மா, சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு," என்றாள் லத்தீபா. குனிந்து, முழு உடம்பின் பாரத்தையும் கைகளில் ஏற்றி, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.